வெள்ளை வீழ்படிவு

காலை ஆறரை. விக்டோரியாப் பாலத்தின் மேல்
வத்தளை பஸ்கள் ஹோர்ன் அடித்தபடி
நகரத்துக்குள் நெருக்கியடித்து நுழைகின்றன.
கீழே பந்துலசேனவின் வள்ளம்.
என்ஜினை நிறுத்திவிட்டுச் சொல்கிறார்:
"மிஸ், இண்டைக்குக் கங்கை நல்ல கலர்."
நல்ல கலர் என்றால் சாயத்தேநீர்.
போன கிழமை கோப்பி.

வெள்ளக் காலத்தில்
நாகலகம் வீதியில் ஆறு எத்தனை அடி என்று
மணிக்கொரு தரம் ரேடியோ சொல்லும்.
அது எப்படி மூச்சு விடுகிறது என்று
சொன்னதில்லை.
அதற்குத்தான் என் சம்பளம்.

போத்தலை முழங்கை வரை அமிழ்த்தி
மெல்ல, மிக மெல்லத் திருப்புகிறேன்.
ஒரு குமிழி உள்ளே போனாலும்
அது கரையின் காற்று, கணக்கைக் கெடுக்கும்.
சத்தமில்லாமல் தண்ணீர் அள்ள
எனக்கு மூன்று மாதம் பிடித்தது.
மங்கனீசுக் கரைசல், பிறகு காரம்.
மூடி, தலைகீழாய்ப் புரட்டி, காத்திருப்பு.
மண்ணிறம் படிந்தால்
மீனுக்கு ஒக்சிசன் இருக்கிறது.
வெள்ளை படிந்தால்
இல்லை.

வெள்ளைக்கு எனக்கு விளக்கம் தேவையில்லை.
தொட்டலங்கவில் எங்கள் தோட்டத்து வாசலில்
கம்பத்துக்குக் கம்பம் வெள்ளைக் கொடி பறந்தால்
எந்த வீடு என்று மட்டுமே கேட்போம்.

முதலாம் இடம், மண்ணிறம்.
இரண்டாம் இடமும் அதுதான், கொஞ்சம் வெளிறி.
மூன்றாவது, கான் வந்து விழும் வாய்.
பந்துலசேன லேஞ்சியால் மூக்கைக் கட்டினார்.
போத்தலின் அடியில்
ஆஸ்பத்திரிப் பஞ்சுபோல் இறங்கியது
வெள்ளை.
இருவரும் ஒன்றும் பேசவில்லை.
மேலே ஒரு கொக்கு, எதற்கோ நம்பிக்கையோடு,
ரெஜிபோம் பெட்டியில் நின்றுகொண்டிருந்தது.

பிறகு சேறு.
அள்ளி, அரிதட்டில் அலசி, எண்ண வேண்டும்.
கல்லுக்கடியில் ஒட்டும் மூன்று வால் இளம்பூச்சிக்கு
பத்துப் புள்ளி. அது அழுக்கைத் தாங்காது.
சிவப்புப் புழுவுக்கு இரண்டு.
மூச்சில்லாத சேற்றில் மூச்சைச் சேமிக்கத்தான்
அதற்கு அந்தச் சிவப்பு,
நம் இரத்தத்தில் ஓடுகிற வகைதான்.
எண்ணினேன். இருநூற்றுப் பதினொன்று.
இருநூற்றுப் பதினொன்றுக்கும் சேர்த்து அதே இரண்டு.
படிவத்தில் தலைக்கணக்குக் கிடையாது.

"உயிரோடதானே இருக்கு?"
ஓம்.
"பிறகேன் இரண்டு?"
எதையும் தாங்கும் உயிர் இருப்பதால்
இடம் நல்லதென்று சொல்ல முடியாது, அங்கிள்,
என்றேன். பாடப்புத்தகத்தில் அப்படித்தான்.
சொல்லும்போதே ஞாபகம் வந்தது,
என் முதல் நேர்முகப் பரீட்சை.
பெயரைத் தாண்டி, பெறுபேற்றைத் தாண்டி,
விலாசத்தில் வந்து நின்ற
அந்த நீலப் பேனை.
எனக்கும் அன்று ஒன்றோ இரண்டோ கிடைத்திருக்கும்.
இந்த வேலை கிடைத்தது
வேறு ஓர் இடத்தில், வேறு ஒரு விலாசத்தில்.
மச்சாள் வீட்டு விலாசம், வெள்ளவத்தை.

அரிதட்டைப் பார்த்தபடியே பந்துலசேன கேட்டார்:
"இதுகளை மேலே கொண்டுபோய் விடுவமா, மிஸ்?
ஹன்வெல்லப் பக்கம். தண்ணி கண்ணாடி."
நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.
அங்கே மீன் இருக்கு, அங்கிள்.
பத்து நிமிசத்தில் தின்று முடித்துவிடும்.

அவர் சிரிக்கவில்லை.
கயிற்றைச் சுண்டினார், என்ஜின் இருமிப் பிடித்தது.
அரிதட்டை அதே கான் வாயில் கவிழ்த்தேன்.
சிவப்பு, சேற்றுக்குள் தலைகீழாய் நுழைந்து
வீடு போய்ச் சேர்ந்தது.
குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்:
211, உயிருடன்.
ஹஸ்மியா மெடம் அதை வெட்டிவிடுவார்.
முகத்துவாரம் இன்னும் பாக்கி,
கடல் ஏறுவதற்குள் போக வேண்டும்.

ஐஸ் பெட்டியில் இடமிருந்தும்
மூன்றாம் போத்தலை
மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன்,
கலங்காமல்.