ஐந்தாவது முடிச்சு

தேப்பிக்கில் வாடகைக்கு எடுத்த லாரி
பழுதாகி நின்ற இரவில்தான்
நெருப்பு மூட்டினோம்.
விரிகூத்தாவுக்கு இன்னும் ஒரு நாள் வழி.
பதினோரு பேர். உப்பை விட்டுப் பத்து நாள்.

மராக்காமே கையில் கற்றாழை நார்க் கயிறு.
பெயர் சொல்லுங்கள் என்றார்.
உடன் படுத்தவர்களின் பெயர், ஒன்று விடாமல்.
பெயருக்கு ஒரு முடிச்சு.
மறைத்தால் ஹிக்குரி தேளாய்க் கொட்டும்.
கேட்டவன் பொறாமைப்பட்டால்
அவனையும் கொட்டும்.

நான் மூன்று சொன்னேன்.
மூன்றாவதற்கு லாரிக்காரன்கூடச் சிரித்தான்.

ஷிதாய்மா எழுந்தாள்.
பாவாடைச் சாம்பலைத் தட்டிவிட்டு
கடையில் கடன்பாக்கி ஒப்பிப்பதுபோல்
நிதானமாய்ச் சொன்னாள்.
ஒன்று, எனக்குத் தெரியும்.
இரண்டு, தெரியாததுபோல் இருந்தேன்.
மூன்றும் நான்கும் கடலோரப் புகையிலைத் தோட்டத்தில்,
கூலிக்குப் போன வருடம்.
ஐந்து, மாத்ஸிவா.
என் ஆட்டுக்குப் பிரசவம் பார்த்தவன்.
எதிரே உட்கார்ந்து
தன் செருப்பு வாரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கயிற்றை நெருப்பில் போட்டார்கள்.
நார் சட்டென்று போய்விடுகிறது,
முடிச்சுதான் கடைசிவரை கனல்கிறது.

காலையிலிருந்து சொற்களைத் திருப்பிப் போட்டோம்.
அதுதான் வழக்கம்.
சூரியன் நிலா. கிழவன் கைக்குழந்தை.
வா என்றால் போ. லாரிக்குக் கழுதை என்று பெயர்.
வயிறு நிறைந்துவிட்டது, நிறைந்துவிட்டது என்று
பசியில் முனகினோம்.
மாத்ஸிவாவை நான்
'பகையாளி' என்று கூப்பிட்டேன்.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

தக்காளிப் பண்ணையின் பிளாஸ்டிக் கூரைகள் தாண்டி
முள்வேலிக்குள் குனிந்து நுழைந்து
புதரடியில் முதல் மானைக் கண்டோம்.
மான் என்றால்
மண்ணோடு மண்ணாய் ஒரு பச்சைப் பொத்தான்.
அதன்மேல் அம்பெய்துவிட்டு
மராக்காமே விம்மி அழுதார்.
பிறகு நறுக்கி ஆளுக்கொரு துண்டு.
கசப்பு நாக்கில் இல்லை,
காதுக்குப் பின்னால் இருந்தது.

நீல மான் வரும் என்றார்கள்.
ஒருவன் அதன் கொம்பில் சோளம் முளைக்கக் கண்டான்.
ஒருத்தி வாந்தி எடுத்துவிட்டு
செத்துப்போன தன் நாயோடு பேசினாள்.
எனக்கு வந்தது கயிறு.
வானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு
மஞ்சளும் ஊதாவும் துடிக்க,
எரிந்துபோன அதே கயிறு.
விரலால் தடவிக்கொண்டே போனேன்.
ஐந்தாவது முடிச்சு சுடவில்லை.
பிறந்த ஆட்டுக்குட்டிபோல்
வெதுவெதுப்பாய், ஈரமாய் இருந்தது.
அதற்கப்புறம் கயிறு வழுவழுவென்று
போனது. போய்க்கொண்டே இருந்தது.
நான் எங்கே?

கட்டியவனை எண்ணுவதில்லை.
விதி எனக்குத் தெரியும்,
போன யாத்திரையிலேயே தெரியும்.
இருந்தும் அன்றிரவு நெருப்பருகில்
அவள் ஆறாவதாக வாய் திறப்பாள் என்று
என் காது காத்திருந்ததை
அப்போதுதான் கண்டேன்.

விடியற்காலை. வேலியில் பனி.
போர்வைக்குள்ளிருந்து ஷிதாய்மா:
"போ. தள்ளிப் போ.
எனக்குக் குளிரவே இல்லை."

உப்பு இன்னும் நாக்கில் படவில்லை.
சொற்கள் இன்னும் திரும்பியே கிடந்தன.
அப்படித்தான் என்று நினைக்கிறேன்.
அப்படித்தான் என்று நினைத்து
போர்வையைத் தூக்கினேன்.