கொசுறு

ஜூலை வெயிலில் கிறிஸ்துமஸ் மணிகள்
கிலோ கணக்கில் தொங்கும் சந்தை இது.
யீவூவுக்கு டிசம்பர்
ஆறு மாதம் முன்னதாகவே வந்து
அட்டைப்பெட்டி ஏறிப் போய்விடும்.

என் கழுத்தில் அடையாள அட்டை, கையில் மஞ்சள் கொடி.
நாள்கூலி அறுநூறு யுவான், மதியச் சாப்பாடு அவர்கள் பொறுப்பு.
பின்னால் நெப்ராஸ்காவிலிருந்து பதினேழு மாணவர்கள்,
பேராசிரியர் ஹால்வர்சன்,
பதினேழு குறிப்பேடுகள்.
முதல் பக்கத்தில் எல்லோரும்
ஒரே சீனச் சொல்லை எழுதியிருக்கிறார்கள்:
குவான்ஷி. உறவு என்று பொருள்.
அடியில் இரட்டைக் கோடு.

லுவோ சூய்ஃபென்னின் கடை நான்கடி அகலம்.
சுவரெங்கும் பொத்தான்கள்:
சிப்பி, கொம்பு, தேங்காய் ஓடு,
சிப்பி போல, கொம்பு போல, தேங்காய் ஓடு போலப் பிளாஸ்டிக்.
நாங்கள் நுழைந்தபோது
நூடுல்ஸ் கிண்ணத்தைக் கல்லாப்பெட்டிக்குப் பின்னே தள்ளி
வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"வாடிக்கையாளரின் நம்பிக்கையை
எப்படிக் கட்டியெழுப்புகிறீர்கள்?"
பேராசிரியர் கேட்டதை நான் கேட்டேன்.
சூய்ஃபென் சொன்னாள்:
"முன்பணம் முப்பது விழுக்காடு.
மீதி வராமல் கண்டெய்னர் நகராது.
ஒரே ஒருமுறை நகர்த்தினேன்.
மகள் கல்யாணம் இரண்டு வருடம் தள்ளிப்போயிற்று."
நான் ஆங்கிலத்தில் சொன்னேன்:
"பொறுமையாக."
பதினேழு பேனாக்கள் குனிந்தன.

பொய்தானே என்பீர்கள்.
படகோட்டி ஆளைத்தான் ஏற்றுவான்,
ஆற்றையுமா ஏற்றுவான்?

இந்த ஊர்க்காரர்கள் ஒருகாலத்தில்
கோழி இறகுக்கு வெல்லம் மாற்றித் திரிந்தவர்கள் என்று
நேற்று ஓட்டலில் படம் போட்டுக் காட்டியிருந்தார் பேராசிரியர்.
அதையும் கேட்கச் சொன்னார்.
"அப்பா திரிந்தார்," என்றாள் சூய்ஃபென்.
"கால் வெடித்தது. வேறென்ன?"

கூட்டம் ஜிப்புக் கடைக்கு நகர்ந்தபோது
மார்னி என்ற பெண் மட்டும் நின்றாள்.
சட்டையின் இரண்டாம் பொத்தான் இருக்கவேண்டிய இடத்தில் ஊக்கு.
ஒரு விரலைக் காட்டினாள்:
ஒன்று.

"குறைந்தது பத்தாயிரம்," என்றது
சூய்ஃபென்னின் வாய், பழக்கத்தில்.
அதற்குள் கண் ஊக்கைப் பார்த்துவிட்டது.
கத்தரியை எடுத்து
மாதிரி அட்டை நானூற்றுப் பதினேழிலிருந்து
ஒன்றை வெட்டினாள்.
கால்குலேட்டரில் தட்டி நீட்டினாள்:
0.03

மார்னியிடம் நூறு டாலர் தாள் இருந்தது.
அவள் கைபேசிக்கு எங்கள் வங்கிகளோடு பேச்சுவார்த்தை இல்லை.
நான் என் கைபேசியைக் காட்டினேன்.
"மூன்று ஃபென் வரவு!" என்று
கடைப்பெட்டி நடைபாதை முழுக்கக் கூவியது.
எதிர்க்கடை ரிப்பன்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"சும்மாவே தந்திருக்கலாமே அக்கா?"
"சும்மா தந்தால் பிச்சை.
விற்றால்தானே கொசுறு தரமுடியும்?"
ஒரு ஊசி, ஒரு முழம் நூல்,
காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள்.

திரும்பி வந்த ஹால்வர்சன் கேட்டார்,
என்ன சொல்கிறார் அவர்?
கொசுறு.
ஆங்கிலத்தில் தேடினேன்.
தள்ளுபடி இல்லை, பரிசு இல்லை, இலவசம் இல்லவே இல்லை.
கடைசியில் "குவான்ஷி" என்றேன்.
தலையாட்டினார், எழுதிக்கொள்ளவில்லை.
அந்தச் சொல்தான் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறதே.

பேருந்தில் மார்னி தைத்தாள்.
வெள்ளைச் சட்டை, பச்சை நூல்,
குலுங்கும் ஒவ்வொரு திருப்பத்திலும்
விரலில் ஒரு குத்து.

போன செவ்வாய்க்கிழமை
தாஷ்கண்டிலிருந்து வந்த வியாபாரி ஒருவரை
அதே கடைக்குக் கூட்டிப்போனேன்.
நானூற்றுப் பதினேழில் விரலை வைத்து
இந்த ஓட்டை என்ன என்றார்.
"விற்றுப்போனது," என்றாள் சூய்ஃபென்.
அதை மட்டும்
ஒரு சொல்லும் கூடாமல் குறையாமல் மொழிபெயர்த்தேன்.