வகிடு

எர்தெனெத் சந்தையிலிருந்து
மேலங்கிக்குள் மார்போடு அணைத்துத்தான் கொண்டுவந்தேன்.
ஆனாலும் வெளியே மைனஸ் முப்பத்தொன்று,
பேருந்தில் வாய்த்ததோ கதவோர இருக்கை.
"போனதும் மின்சாரம் கொடுத்துவிடாதே,
உள்ளே வியர்க்கும்" என்றிருந்தான் கடைக்காரன் தாவாசுரேன்.
"இரண்டு மணி நேரம் உறையோடு மேசையில் கிடக்கட்டும்.
தூரத்திலிருந்து வந்த விருந்தாளி என்று வைத்துக்கொள்,
வந்த காலோடு கேள்வி கேட்காதே."

கிடந்தது.
உப்புத் தேநீர் வைத்தேன், குடித்தேன்,
புறங்கையால் தொட்டுப் பார்த்தேன்.
ஜுரம் பார்ப்பதுபோலத்தான்,
இது சூடு ஏற வேண்டும் என்ற வேண்டுதலோடு.

பழைய டிஸ்க்கின் கோடு முழுக்கச் சிவப்பு.
உள்ளே நானூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளின் முதல் முடியிறக்கம்.
நீலப் பட்டு கட்டிய கத்தரிக்கோல்
கைமாறிக் கைமாறி வர,
உறவெல்லாம் ஆளுக்கொரு கற்றை வெட்டி
உச்சி முகர்ந்து பணம் வைக்கும்.
சனிக்கிழமை இன்னும் இரண்டு வீடு.
எதை அழிப்பது?
ஒரு நாள் முழுக்க யோசித்து
ஏழு நிமிடக் கம்பளத்தை அழித்தேன்.
நிறுத்த மறந்த கேமரா
தானாக எடுத்த படம் அது.

பக்கத் தகட்டைக் கழற்றினால்
ஐந்து வருஷத் தூசி, அதில் பூனை முடி.
பூனை போய் இரண்டு வருஷம்.
நான்கு திருகு வேண்டும், மூன்றுதான் அகப்பட்டது.
மூன்றே தாங்கும் என்று
எல்லா மெக்கானிக்கும் சொல்வதை நானும் சொல்லிக்கொண்டேன்.
கேபிளைத் திருப்பிப் போட்டால் நுழையாது.
நுழையவில்லை. திருப்பினேன்.

திரையில் ஒரே கம்பெனி, ஒரே அளவு,
இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு.
ஒன்றின்மேல் கறுப்புப் பட்டை:
ஒதுக்கப்படாதது.
அதுதான் புதுசு. கண்ணுக்குத் தெரிகிறது,
கை நம்பவில்லை.
எல்லாவற்றையும் அணைத்து
பழையதன் கேபிளைப் பிடுங்கி வைத்த பிறகுதான்
மூச்சு வந்தது.

பெட்டியில் ஆயிரம் என்று போட்டிருந்தான்,
இங்கே தொள்ளாயிரத்து முப்பத்தொன்று.
அழுக்கோடு நிறுத்து வாங்கிய கம்பளி
அலசியபின் இப்படித்தான் இளைக்கும்.

சுரங்கத்துக்குக் கிளம்பிய எர்ஹெம்பாயர்
வாசலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டே சொன்னான்:
"நடுவே பிரித்து எனக்கு இருநூறு கொடு.
டாங்கிச் சண்டை விளையாட."
வகிடெடுக்கிற தலையா இது?
பிறந்து ஒரு மணி நேரம் ஆகவில்லை.

'விரைவு' என்ற கட்டத்தில்
கேட்காமலே ஒரு டிக் விழுந்திருந்தது.
விரைவு என்றால் வாசலை மட்டும் கூட்டுவது.
எடுத்துவிட்டேன்.
பெயர் கேட்டது.
எங்களில், கண்ணேறு படாமலிருக்க
'பெயரில்லை' என்றே பிள்ளைக்குப் பெயர் வைப்பதுண்டு.
நெர்குயி.
அதையே அடித்தேன்.

ஒரு சதவீதம்.
தேநீர் ஆறி மேலே ஆடை கட்டியது.
இரண்டு.
வீடு வீடாகக் கதவைத் தட்டி
யாருமில்லை, யாருமில்லை என்று
குறித்துக்கொண்டே போகிறது போலும்.
நாற்காலியிலேயே தூங்கிப்போனேன்.

விடிந்தபோது முடிந்திருந்தது.
பழையதை மறுபடி மாட்டி
முதல் கோப்புறைமேல் வலப்பக்கம் அழுத்தினேன்.
வெட்டு, நகலெடு.
வெட்டுக்குப் பக்கத்தில்
எறும்பளவு ஒரு கத்தரிக்கோல்.

"நகலெடு. வெட்டிவைக்காதே" என்றான்
கண்ணிமையில் பனியோடு வந்து நின்றவன்.
சரிதான்.
எல்லாவற்றையும் நகலெடுத்தேன்,
இரு பக்கமும் எண்ணினேன்,
நானூற்றுப் பன்னிரண்டு, நானூற்றுப் பன்னிரண்டு.

அத்தனை வீட்டிலும்
கத்தரி என் பக்கம் நீண்டபோதெல்லாம்
கேமராவைக் காட்டித் தலையாட்டி மறுத்தவள் நான்.

அவன் குறட்டை விடத் தொடங்கியதும்
இன்னும் பாக்கி தராத வீட்டுப் பிள்ளை ஒன்றைப்
பழையதிலிருந்து கத்தரித்து
இந்தப் பக்கம் வைத்தேன்.
ஏற்கெனவே இருக்கிறதே, மாற்றிவிடவா என்றது.
மாற்று.
சிவப்புக் கோட்டின் நுனி
ஒரு மயிரிழை குறைந்தது.