பக்கம் திருப்பியவள்

படிக்க, கேட்க, நல்லதாக ஏதாவது சொல்லு என்கிறாய்.
சொல்கிறேன். பெயர் மட்டும் கேட்காதே.
அட்டை இல்லை, முதல் பதினாறு பக்கமும் இல்லை.
அரக்கோணம் பிளாட்பாரத்தில்
வேர்க்கடலைப் பொட்டலத்தோடு முப்பது ரூபாய்க்கு வாங்கியது.
பதினேழாம் பக்கம் இப்படித் தொடங்கும்:
'என்று சொல்லிவிட்டுக் குடையை மறந்து போனார்.'
யார், என்ன சொல்லிவிட்டு, தெரியாது.
நான் படித்த வரை
குடை அந்த வீட்டு மூலையிலேயே நிற்கிறது.

அதோடு நான் புத்தூரில் கிடந்தேன்.
நகரி ரோட்டில் குறுக்கே வந்த எருமைக்கு ஒன்றுமில்லை.
எனக்கு வலது மணிக்கட்டு, இடது தோள்.
பச்சிலை, முட்டை வெள்ளை, மூங்கில் பட்டை,
மேலே சுற்றிய துணியில்
நீல மார்க்கரில் கட்டுப் போட்ட தேதி.
அடுத்த கட்டிலில் தேசம்மா.
நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவள், கணுக்கால் முறிவு.
மடியில் விரித்த புத்தகத்தை
மோவாயால் திருப்பப் பார்த்த என்னைப்
பத்து நிமிஷம் பார்த்துவிட்டு,
'கொடு இங்கே' என்றாள்.

அவள் பேசுவது தமிழ்.
பள்ளிக்கூடம் கொடுத்தது தெலுங்கு எழுத்து.
'எங்க எழுத்துக்குத் தலக்கட்டு உண்டு,
உன்னுது மொட்டத்தலையா நிக்குது' என்று சிரித்தாள்,
கட்டுப் போட்டவர்களே நிறைந்த அந்தக் கூடத்தில்.

நான் வாசிப்பேன். அவள் திருப்புவாள்.
இரண்டாம் நாளே
என் கண் வலது மூலைக்கு இறங்குவதைப் படிக்கக் கற்றுக்கொண்டாள்.
உப்பளத்துக் கணக்குப்பிள்ளை ஒருவர்
வாங்காத கடனைத் திருப்பிக் கொடுக்க
ஆள் தேடி ஊர் ஊராகப் போகிறார். அவ்வளவுதான் கதை.
'நானா இருந்தா ரெண்டாவது ஊருலயே திரும்பியிருப்பேன்.'
சண்டை வந்தால் நான் முடிக்கும் முன்பே திருப்பிவிடுவாள்.
சாப்பாடு வரும் இடங்களில்
'இன்னொரு தபா' என்பாள்.
அந்தப் புளிமீன் பக்கம் எனக்கு மனப்பாடம்.

இசை கேட்டாயே,
அது அவள் போனில் இருக்கிறது.
கார்வேட்டிநகரம் பக்கத்துத் திருவிழாவில்
யாரோ பதிவு செய்த ஹரிகதை.
சொல்லுகிற அம்மாளின் பெயர் அவளுக்கும் தெரியவில்லை.
ஏழாம் நிமிஷம் கரண்ட் போகும்.
மைக் சாகும். ஒரு குழந்தை அழும்.
பிறகு, எங்கோ தூரத்திலிருந்து,
சலங்கை மட்டும்.
அப்புறம் மைக் இல்லாத குரல்,
கொஞ்சம் கரகரப்பாக,
விட்ட சொல்லிலிருந்தே.
எனக்குத் தெலுங்கு அரைகுறை.
ஆனால் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்போது
ஐயோ என்றிருக்கும், கேட்டுப் பார்.

இருநூற்றுப் பதினொன்றில்
கணக்குப்பிள்ளைக்குக் காய்ச்சல்.
முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக் கூடத்தில் படுத்திருக்கிறார்.
விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்கிறார்.
என் கண் மூலைக்கு வந்துவிட்டது.
அவள் திருப்பவில்லை.
'இன்னிக்கு வேணாம்' என்றாள்.
மறுநாள் நான் எழுந்தபோது
அவளை அண்ணன் ஷேர் ஆட்டோவில் கூட்டிப்போயிருந்தான்.
என் மணிக்கட்டுத் துணியில் தேதிக்குக் கீழே
நீல மார்க்கரில் இரண்டு வரி,
தலைக்கட்டு வைத்த எழுத்து.

கட்டுப் பிரித்த அன்று
அந்த இடத்தை விட்டு வெட்டச் சொன்னேன்.
முட்டை காய்ந்து அப்பளமாக விறைத்த துண்டு.
திருத்தணி பஸ்ஸில் கண்டக்டரிடம் நீட்டினேன்.
விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு
எழுத்துக் கூட்டினார்:
'இது தெலுங்கே இல்லைங்க, தமிழு.
இருநூத்திப் பதினொண்ணு.
அங்கியே நிறுத்தி வை, நான் வரேன்.'
சில்லறை பாக்கியை டிக்கெட்டின் பின்னால் எழுதிவிட்டு
நகர்ந்து போனார்.

என் இரண்டு கையும் இப்போது சரி.
புத்தகத்தில் அந்தத் துணித்துண்டு இருக்கிறது.

எங்காவது பழைய புத்தகக் கடையில்
தலையில்லாத ஒன்று கிடைத்தால்
குடை இருக்கிறதா என்று பார்.
இருந்தால் வாங்கு, பேரம் பேசாதே.
படித்து முடித்தபின் எனக்குப் போன் செய்,
புளிமீனைப் பற்றி மட்டும் பேசலாம்.