லைட் டியூட்டி

ஷார்ஜா அல் நஹ்தாவில்
இருபத்தேழு மாடி எழும்பும் சைட்டின் வாசலில் ஒரு பலகை,
மூன்று கொக்கிகள்.
விபத்தில்லா நாட்கள் என்று நாலு மொழியில் எழுதியிருக்கும்,
தமிழ் அதில் இல்லை.
காலை ஐந்தரைக்கு எண்ணை மாற்றுவது என் வேலை.
ஹெல்மெட், கையுறை, ஹார்னஸ் எண்ணிக் கொடுப்பதும்
சாயங்காலம் எண்ணி வாங்குவதும்.

எண் தகடுகள் வெயிலில் வெளுத்துவிட்டன.
பூஜ்ஜியம் மூன்று வைத்திருக்கிறோம்.
பத்துக்குத் துணையாக, நூறுக்குத் துணையாகத் தொங்கியிருக்கின்றன.
மூன்றாவது இன்னும் கவர் பிரிக்காமல்.

முந்நூற்று இருபத்திரண்டாம் நாள்
பதினோராம் மாடிச் சாரத்திலிருந்து பத்தாம் மாடிக்கு விழுந்தான்
மொஃபஜ்ஜல், கிஷோர்கஞ்ச்காரன்.
சாரத்தில் பச்சை அட்டை கட்டியிருந்தது.
அட்டையில் கையெழுத்து முந்தின நாள்,
பலகையைக் கழற்றியது அன்று காலை.
ஒரு மாடிதானே, என்றார் ஃபோர்மேன் குல்ஸமான்.
ஒரு மாடிதான்.
கணுக்கால் மட்டும் பின்னால் வருகிறவனைப்
பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் டியூட்டிக்கு வந்துவிட்டால்
எங்கள் கம்பெனிப் புத்தகத்தில் அது விபத்தில்லை, முதலுதவி.
புத்தகம் சுனோஜ் சாருக்கு மனப்பாடம்.
சஜா கேம்பில் நாலு மணி பஸ்ஸில்
ரெண்டு பேர் தூக்கி ஏற்ற
மாவுக்கட்டோடு வந்து விரல் வைத்துப் பஞ்ச் பண்ணினான்.
ரோஸ்டரில் லைட் டியூட்டி.
என் கண்டெய்னரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
காலை நீட்டிக்கொள்ள ஒரு சிமெண்ட் மூட்டை.
ஏதாவது வேலை காட்டவேண்டுமே என்று
எண் தகடுகளை எடுத்து அவன் மடியில் வைத்தார் சார்.

அவன் தருவான், நான் ஸ்டூலில் ஏறி மாட்டுவேன்.
முதல் நாள் மூன்றை எடுத்துத் தந்துவிட்டு
இது எதோட கணக்கு பாய், என்றான்.
எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.
சிரித்தான். சிரித்ததில் கால் வலித்தது.
பிறகு என் மார்க்கரை வாங்கிக்
கட்டின்மேல் ஒரு கோடு போட்டான்.
அப்புறம் தினமும் ஒரு கோடு.

இல்லாததைச் சொல்லக்கூடாது.
ஜூன் பதினைந்து வந்தால் பன்னிரண்டரைக்கு விசில் அடிக்கும்,
கிரேன் நிற்கும், மூன்று மணிவரை எல்லோரும் நிழலில்.
மீறினால் தலைக்கு இவ்வளவு என்று அபராதம்.
தலைக்கு விலை வைத்த பிறகுதான் தலைக்கு நிழல் வந்தது.
கணுக்காலுக்கு யாரும் விலை வைக்கவில்லை.

ஆகஸ்டில் இன்ஸ்பெக்டர் வந்தார். சின்ன வயசு.
தண்ணீர் குளிர்கிறதா என்று தானே பிடித்துக் குடித்துப் பார்த்தார்.
அன்றைக்கென்று நான் கவர் பிரித்த இருபது ஹார்னஸில்
புதுத் துணி வாசம் போகவில்லை.
பலகையைப் போட்டோ எடுத்தவர்
இவர் யார், என்றார்.
டாக்குமென்ட் கண்ட்ரோல், என்றார் சுனோஜ் சார்.
இன்ஸ்பெக்டர் கட்டைப் பார்த்தார்.
கோடுகளைப் பார்த்தார்.
உதடு அசைந்தது, எண்ணினாரோ என்னவோ.
அதற்குள் அவருக்குப் போன் வந்தது.

முந்நூற்று அறுபத்தைந்தாம் நாள் கேக் வெட்டினோம்.
க்ரீமில் எழுதியிருந்த எண்ணில்
ஆறு, மொஃபஜ்ஜல் தட்டுக்குப் போனது.
அன்று மத்தியானம்தான் அவனுக்குக் கட்டை அறுத்தார்கள்.
நாற்பத்து மூன்று கோடு போட்ட ஓட்டைப்
பையில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தான்.
எந்த ஃபைலில் போடுவது?
அலமாரியில், மூன்றாவது பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மறுநாள் அவனுக்கு ஹார்னஸ் ஒன்று, ஹூக் இரண்டு.
தையலை இழுத்துப் பார்த்தேன், மறுபடியும் இழுத்தேன்.
போதும் பாய், என்று வாங்கிக்கொண்டு போனான்.

என் ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும்.
இத்தனை நாளும்
ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு
இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வான்.
ஐந்தைக் கழற்றி ஆறை மாட்டும்போது ஆடியது.
கொக்கியைப் பிடித்தபடி அண்ணாந்தேன்,
மாட்டியிருக்கிறானா என்று.
காலைப் புழுக்கத்தில்
பதினாலாம் மாடி தெரியவில்லை.