இரண்டாம் பொத்தான்

ஹிங்க்லி என்றொரு ஊர்,
மினியாபொலிஸுக்கும் டுலூத்துக்கும் சரிபாதியில்.
அங்கே ஒரு பெட்ரோல் பங்க். டீசல் பம்ப்பை ஒட்டி
வெள்ளி மாலை ஆறு மணிக்கு
என் பிள்ளைகள் கைமாறுவார்கள்.
ஆளுக்கு எழுபத்தைந்து மைல்.
அந்தக் கணக்கில் மட்டும் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

கொரின் வேனில் வருவாள்.
சாலை உப்பு அப்பிய வேன், ஒரு காலத்தில் நீலம்.
வலப்பக்கச் சறுக்குக் கதவு குளிரில் பாதியில் நின்றுவிடும்;
ஓட்டோ உள்ளிருந்து உதைப்பான்,
ஒன்பது வயது உதைக்கு மட்டும் அது பணியும்.
கோப்பை வைக்கும் குழிகள் பதினான்கு. எண்ணியிருக்கிறேன்.
ஒன்றிலும் கோப்பை இருந்ததில்லை:
உருகி உறைந்த க்ரேயான், ஒற்றைக் கையுறை,
யாரும் தன்னுடையதென்று ஒப்புக்கொள்ளாத
ஒரு பால்பல்.

என்னுடையது கறுப்பு ஜெர்மன் கார்.
விவாகரத்துக் காகிதம் வந்த வாரம் எடுத்தது.
மாதத் தவணை எவ்வளவென்று கேட்காதீர்கள்;
யானையைக் கட்டித் தீனி போடுகிறவன்
கரும்பு விலையை வெளியே சொல்வதில்லை.
கதவைச் சாத்தினால் சத்தம் வராது,
ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான்.
வெண்ணெய் நிறத் தோல் இருக்கை.
பூட்ஸைக் கழற்று, பிரிட்டா. பிஸ்கட்டை உள்ளே போடு, ஓட்டோ.
எழுபத்தைந்து மைலும் மூன்று பேரும்
மியூசியத்துக்குக் கூட்டிப்போனவர்கள் மாதிரி வருவார்கள்.
கண்ணாடியில் அந்த ஊமைப் பின்சீட்டைப் பார்த்து
ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரியில் மேரனுக்குப் பள்ளியில் ஒரு செல்லோ கொடுத்தார்கள்.
அவளைவிட உயரம்.
டிக்கியில் வைத்தோம், கழுத்து வெளியே நின்றது.
பின்சீட்டில் படுக்கவைத்தோம், பிள்ளைகளுக்கு இடமில்லை.
மைனஸ் இருபதில், காதை அறுக்கும் காற்றில்
நீளப் பெட்டி ஒன்றைச் சுற்றி ஐந்து பேர் நின்றோம்,
யாரையோ அடக்கம் செய்ய வந்தவர்கள்போல.
பங்க் பையன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தான்.
கொரின் ஒன்றும் பேசவில்லை.
ஒரு கையில் வேன் சாவியை நீட்டினாள்.
மறு கை விரித்தபடி காத்திருந்தது.

வேனில் ஹீட்டர் இடது காலுக்கு மட்டும் வேலை செய்கிறது.
ஒவ்வொரு பாலம் வரும்போதும்
மூன்று பேரும் கூரையைக் குத்தினார்கள்.
எதற்கு என்றேன்.
பாலம் வந்தால் குத்தணும் என்றாள் பிரிட்டா.
நம்ம காரில் குத்துவதில்லையே?
"அது அப்பா கார்."
காபியைக் கொட்டினேன், நானேதான்.
ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
செல்லோ நடுவில் படுத்துக்கொண்டு
பள்ளம் வரும்போதெல்லாம் முனகியது.

ஞாயிறு அவள் நாற்பது நிமிடம் தாமதம்.
பதினோரு வருடத்தில்
நான் காத்திருந்தது அன்றைக்குத்தான்.
கார் கூரைவரை உப்பு.
டுலூத்துக்குப் போய்த் திரும்ப நூற்றைம்பது மைல்;
மீட்டரில் ஏறியிருந்தது அறுநூற்றுப் பன்னிரண்டு.
ஏரியோரமாகவே கனடா எல்லைவரை போய்வந்தாலும்
கணக்கில் மிச்சம் இருக்கிறது.
எங்கே போனாய்?
எங்கேயும் இல்லை என்றாள்.
பிறகு, செல்லோவை ஏற்றிப் பெல்ட் மாட்டிவிட்டு,
"சத்தமே இல்லை அதில்," என்றாள்,
எனக்குத் தெரியாத ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல.

ஓட்டுநர் கதவில் மூன்று பொத்தான்கள்.
ஒன்றை அழுத்தினால் இருக்கை என் அளவுக்கு வரும்.
மற்ற இரண்டும் வாங்கிய நாளிலிருந்து வெறுமை.
வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால், சிவப்பு விளக்கில்,
கையுறை விரல் தவறி இரண்டாவதில் பட்டது.
இருக்கை மெல்ல முன்னே நகர்ந்தது. உயர்ந்தது.
இரண்டு பக்கக் கண்ணாடிகளும்
ஐந்தடி இரண்டங்குலத்துக்குத் தலை குனிந்தன.
என் முழங்கால்கள் ஸ்டியரிங்கில் சிக்கிக்கொள்ள,
விளக்கு பச்சையாகி,
பின்னால் எவனோ ஹாரனை அழுத்த ஆரம்பித்தான்.