முதலில் திருப்பு, பிறகு அழி

பழைய சாமான் விற்கும் எங்கள் தளத்துக்குப்
புளியந்தோப்பிலிருந்து ஒரு புகார்.
எழுதியவர் கனகவல்லி.
மிக்ஸி படம் போட்டிருந்தார்,
ஜார் மூடியில் இருந்த கீறலையும் மறைக்காமல்.
விலாசம் எழுதவில்லை. தெருப்பெயர்கூட இல்லை.
ராத்திரி ஒன்பதரைக்கு ஒருவன் கதவைத் தட்டி
‘மிக்ஸி இருக்கா’ என்றானாம்.
‘எங்க வீட்டை அவனுக்கு யாரு சொன்னா???’

யாரும் சொல்லவில்லை அம்மா.
மிக்ஸிதான் சொன்னது.

படத்தின் நெற்றியில், பிக்சல்கள் தொடங்கும் முன்,
ஒரு சின்னப் பெட்டி உண்டு.
கண்ணுக்குத் தெரியாது, கேட்டால் சொல்லிவிடும்:
எந்த போன், எந்த லென்ஸ்,
எத்தனை மணி, எத்தனை வினாடி,
வடக்கே பதின்மூன்று, கிழக்கே எண்பது,
புள்ளி தாண்டி இன்னும் ஆறு இலக்கம்.
ஆறாவது இலக்கம்வரை போனால்
மீதி இருப்பது
ஒரு ஜார் வைக்கிற இடம்.

பெருங்குடியில் அன்று குப்பை எரியும் வாடை
ஏசி வழியாக வந்துகொண்டிருந்தது.
நாற்பது படங்களைத் திறந்தேன்.
திறப்பது என் வேலை,
அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

ஒரு கேமராவில் இன்னும்
இரண்டாயிரமாவது வருடம், ஜனவரி ஒன்று.
கடிகாரத்தை யாரும் திருத்தவில்லை.
போன வருடம் வாங்கிய கியர் சைக்கிள்
செய்யப்படுவதற்கு முன்பே
கொருக்குப்பேட்டையில் விற்பனைக்கு நிற்கிறது.

இன்னொன்றில் பிரிட்ஜ்.
நேர்த்தியாக வெட்டிய படம்,
பிரிட்ஜும் சுவரும் மட்டும்.
பெட்டிக்குள்ளோ ஒரு தம்நெயில்,
வெட்டியவருக்குத் தெரியாமல் வெட்டுப்படாமல்,
தபால்தலை அளவில்:
பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி,
நாற்காலியில் லுங்கி கட்டிய ஒருவர்,
மூக்கில் ட்யூப்.
விற்கும் காரணம் என்ற கட்டத்தில்
‘வீடு மாற்றம்’ என்று இருந்தது.

மூடினேன்.
மூடிய பின்னும் இருந்தது.

மத்தியானம் ஃபங்ஷன் எழுதினேன், பதினோரு வரி.
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச்சொல்வது போல:
பெட்டியை உருவு, எறி, படத்தை உள்ளே விடு.
ஓடியது. இறங்கிப் போய் டீ குடித்தேன்,
ஒரு மசால் வடையும்.

நாலரைக்கு ஷமீம் வந்து நின்றாள், டெஸ்டிங் பார்ப்பவள்.
‘மேடம், ஊரே படுத்துடுச்சு.’

படுத்திருந்தது.
பீரோ பக்கவாட்டில்.
சைக்கிள் சுவரில் ஏறி.
தொட்டில் கம்பங்கள் தரைக்கு இணையாக.
கனகவல்லியின் மிக்ஸி ஒருக்களித்து,
இப்போது யாருக்கும் எதையும் சொல்லாமல்.

போனை நிமிர்த்திப் பிடித்தோமா சாய்த்தோமா,
அதுவும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்ததாம்,
ஒன்று முதல் எட்டுக்குள் ஓர் எண்ணாக.
வீட்டைக் காட்டிக்கொடுத்த அதே பெட்டி
பீரோவைப் பிடித்து நிறுத்தியும் வைத்திருக்கிறது.
நான் இரண்டையும் சேர்த்து எறிந்துவிட்டேன்.

வரிசையை மாற்றினேன்.
அந்த எண்ணை முதலில் படி.
பிக்சல்களையே திருப்பி நிறுத்து.
பிறகு அழி, தம்நெயிலையும் விடாமல்.
ஏற்கெனவே உள்ளே கிடக்கும் பழைய படங்களுக்கும்
இன்று ராத்திரிக்குள்.

சோதித்துப் பார்க்க என் போனிலிருந்தே ஒன்று தந்தேன்,
அவசரத்தில் தேடாமல், கைக்கு வந்தது:
காகிதத்தில் கீறிய மாங்காய், மேலே மிளகாய்த்தூள்.

ஷமீமின் திரையில் இரண்டு பத்தி, முன், பின்.
பின் பத்தி காலி.
முன் பத்தியில் வடக்கு, கிழக்கு,
செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்று நாற்பத்திரண்டு.
காலையிலிருந்து இதே எண்களில் உழன்றவளுக்கு
மேப் தேவையில்லை.
பெசன்ட் நகர் கடற்கரை.
காய்ச்சல் என்று நான் லீவு சொன்ன செவ்வாய்.

அவள் கண்ணாடியைக் கழற்றித்
துப்பட்டாவில் துடைத்தாள்.
மறுபடி மாட்டிக்கொண்டு
டிக்கெட்டில் தட்டினாள்:
‘படம் நேராக வருகிறது.
வேறு எதுவும் தெரியவில்லை.’